இனிஷியலை எந்தப் பெட்டியில் எழுதுவது?

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. 2025 ஜூன் 5 அன்று தென்காசியில் எனக்குத் திருமணம் நடந்தது. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். அதன்பின் மனைவியோடு பத்தொன்பது நாள்தான் இருக்க முடிந்தது, லீவு முடிந்து திரும்பிவிட்டேன். அவரை அமெரிக்காவில் குடியேற அழைப்பதற்கான ஐ-130 மனுவை நானே நிரப்பலாம் என்று உட்கார்ந்தேன், மூன்று இடத்தில் நின்றுவிட்டேன். மனைவியின் பாஸ்போர்ட்டில் சர்நேம், அதாவது குடும்பப் பெயர், காலியாக இருக்கிறது. அவர் பெயர், அப்பா பெயர் இரண்டும் கிவன் நேமிலேயே இருக்கின்றன. இரண்டாவது, இருவரும் சேர்ந்து வாழ்ந்த முகவரியைக் கேட்கிறார்கள். பத்தொன்பது நாள் என்று எழுதினால் நம்புவார்களா? மூன்றாவது, சில வருடங்களுக்கு முன் அவர் அமெரிக்க மாணவர் விசா கேட்டார், மறுத்துவிட்டார்கள். படிவம் நிரப்பித் தரும் ஒருவர், "அதை எங்கேயும் காட்ட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். 1,800 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள்.

குடிவரவு விஷயத்தில் எதை எழுதலாம், எதை விடலாம் என்று ஆலோசனை சொல்லும் உரிமை அமெரிக்காவில் இரண்டு பேருக்குத்தான் உண்டு. ஒருவர் வழக்கறிஞர். மற்றவர் அமெரிக்க அரசின் நீதித் துறை (டிபார்ட்மெண்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) அங்கீகரித்த பிரதிநிதி. மற்றவர்கள் நீங்கள் சொல்வதை அப்படியே தட்டச்சு செய்து தரலாம், அவ்வளவுதான். அப்படித் தட்டச்சு செய்கிறவரும் படிவத்தின் கடைசியில் 'தயாரித்தவர்' என்ற பகுதியில் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவீர்களா?" இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் அங்கேதான் பின்வாங்குவார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் பொய்க்குப் பொறுப்பு, மனுதாரராகக் கையெழுத்துப் போட்ட உங்களுடையது.

மாணவர் விசா மறுப்பைப் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது ஆபத்து. ஐ-130 படிவத்தில் 'இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா' என்ற கேள்வியே கிடையாது. ஆகவே இப்போது நீங்கள் எதையும் மறைக்கவில்லை. ஆனால் மனு ஒப்புதலானதும் உங்கள் மனைவி நிரப்பப்போகும் டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பம் அதை நேரடியாகவே கேட்கும். அங்கே 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். மறுத்தவர்களே அந்த விசா அதிகாரிகள்தான்; பதிவு அவர்கள் கணினியில் இருக்கிறது. மாணவர் விசா மறுக்கப்பட்டது மனைவி என்ற முறையில் வரும் குடியேற்ற விசாவுக்குத் தானாகத் தடை ஆகாது. 'ஊர் திரும்புவார் என்று நம்பிக்கை வரவில்லை' என்பதுதான் மாணவர் விசா மறுப்பில் வழக்கமாகச் சொல்லும் காரணம். இப்போதோ அவர் திரும்புவதாகச் சொல்லவே இல்லை, குடியேறத்தான் வருகிறார். மறைப்பதில்தான் வினை: வேண்டுமென்றே பொய் சொன்னதாக முடிவு கட்டினால் வாழ்நாள் தடை வரை போகும், பிறகு விலக்கு கேட்டு அலைய வேண்டும்.

அந்தப் பழைய மாணவர் விசா விண்ணப்பத்தின் நகல் மனைவியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் பெயரை எப்படிப் பிரித்து எழுதினார், எந்த முகவரி, எந்த வேலை என்று பாருங்கள். இப்போது நீங்கள் எழுதப்போவதை அதோடும் ஒப்பிடுவார்கள்.

சரி, பெயருக்கு வருவோம். என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்களின் கோப்புகளில் காதலையோ பணத்தையோ விட அதிகத் தலைவலி கொடுப்பது இனிஷியல்தான். நம் ஊரில் ஒருவருக்கு ஒரு பெயர், அப்பா பெயரின் முதலெழுத்து, அதோடு வேலை முடிந்தது. அமெரிக்கப் படிவத்துக்கோ குடும்பப் பெயர் இல்லாமல் மனிதரே இல்லை.

உதாரணத்துக்கு உங்கள் மனைவியின் பெயர் மலர்விழி, அவர் அப்பா சுந்தரம் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, கிவன் நேமில் 'மலர்விழி சுந்தரம்'. இப்படி வந்தால் அமெரிக்கத் தூதரகம் என்ன செய்யும் தெரியுமா? அந்த முழுப் பெயரையும் தூக்கிக் குடும்பப் பெயரில் போட்டுவிட்டு, கிவன் நேமில் 'எஃப்.என்.யு.' என்று மூன்று எழுத்து அடிக்கும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு ஓட்டுநர் உரிமம், வங்கி, மருத்துவக் காப்பீடு என்று போகிற இடமெல்லாம் 'மிஸ் எஃப்னு' என்று கூப்பிடுவார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், அனுபவிக்கிறவர்களுக்கு இருக்காது.

என் யோசனை இது. மனுவை இதற்காக நிறுத்திவைக்க வேண்டாம். இப்போதைக்குப் பாஸ்போர்ட் எப்படி இருக்கிறதோ அதை ஒட்டியே நிரப்புங்கள்: குடும்பப் பெயர்ப் பெட்டியில் 'மலர்விழி சுந்தரம்', முதற்பெயர்ப் பெட்டியில் 'எஃப்.என்.யு.'. அதற்குக் கீழே 'பயன்படுத்திய பிற பெயர்கள்' என்று இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே குடும்பப் பெயர் சுந்தரம், முதற்பெயர் மலர்விழி என்று பிரித்து ஒரு முறை எழுதுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'சு. மலர்விழி', ஆதாரில் 'மலர்விழி எஸ்' என்று இருந்தால் அவற்றையும் எழுதுங்கள். இடம் போதவில்லை என்றால் படிவத்தின் இறுதியில் கூடுதல் தகவலுக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்தப் பக்கம், எந்தப் பகுதி, எந்தக் கேள்வி என்று குறித்துவிட்டுத் தொடரலாம்.

மனு காத்திருக்கும் மாதங்களில் அவர் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து சுந்தரத்தைச் சர்நேமுக்கு நகர்த்திக்கொள்ளட்டும். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் டிஎஸ்-260-இல் அந்தப் பெயரைப் போட்டு, பழைய வடிவத்தைப் பிற பெயர்களில் காட்டினால் போதும். உங்கள் பெயரைப் பின்னால் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். அமெரிக்கச் சட்டம் அதைக் கேட்கவில்லை. அது மனைவியின் விருப்பம், மாமியார் வீட்டின் விருப்பம்கூட இல்லை.

உங்கள் பெயரையும் சும்மா விட வேண்டாம். குடியுரிமைச் சான்றிதழில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், திருமணச் சான்றிதழில் நீங்கள் வெறும் இனிஷியலோடு இருப்பீர்கள். எங்கோ ஓர் அலுவலகத்தில் மேசை முன் இருக்கும் அதிகாரிக்கு அது இரண்டு ஆள். கூடுதல் தகவல் பகுதியில் இரண்டே வரி போதும்: "தமிழ் வழக்கப்படி என் பெயருக்கு முன் வரும் எழுத்து என் தந்தை பெயரின் முதலெழுத்து. திருமணச் சான்றிதழில் உள்ளவரும் நானும் ஒருவரே." இதை ஆங்கிலத்தில் எழுதி, தந்தை பெயரைக் காட்டும் சான்று ஒன்றை இணைத்துவிடுங்கள். இந்த இரண்டு வரி இல்லாததால் கூடுதல் சான்று கேட்டுக் கடிதம் வந்து மாதக் கணக்கில் நின்ற கோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

ஊர்ப் பெயரும் இதே கதைதான். உங்கள் மனைவி தென்காசி என்கிறீர்கள். 2019-இல்தான் திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அவர் பிறப்புச் சான்றிதழில் திருநெல்வேலி மாவட்டம் என்று இருக்கும், இன்றைய முகவரியில் தென்காசி மாவட்டம் என்று வரும். இரண்டும் சரி. பிறந்த இடத்துக்கு ஆவணத்தில் இருப்பதை எழுதுங்கள், முகவரிக்கு இன்றைய மாவட்டத்தை எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் பாஸ்போர்ட்டைப் பார்த்தே எழுதுங்கள். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை போட்டுச் சில நாளிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். அந்த ஆசை நமக்கு எல்லோருக்கும் உண்டு, ஆனால் அதற்கு இந்தப் படிவம் இடமில்லை.

அப்புறம் தேதி. உங்கள் கல்யாணம் ஜூன் 5. நம் பழக்கத்தில் 05/06. அமெரிக்கப் படிவத்தில் மாதம் முதலில் வரும், ஆகவே 06/05. நீங்கள் பழக்கதோஷத்தில் 05/06 என்று எழுதினால் மே 6 அன்று கல்யாணம் ஆகிவிடும். உங்கள் விமான டிக்கெட்டைப் பார்த்தால் நீங்கள் அன்று இந்தியாவிலேயே இல்லை! இன்னொன்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த நாள் வேறு, தாலி கட்டிய நாள் வேறு. சான்றிதழில் இரண்டும் இருக்கும். படிவம் கேட்பது திருமணம் நடந்த நாளை. கோவில் ரசீதையும் மண்டப ரசீதையும் வைத்து ஒப்பேற்றப் பார்க்காதீர்கள், பதிவுச் சான்றிதழ்தான் வேண்டும். இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள். சான்றிதழில் தமிழில் இருக்கும் எதற்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், 'இரு மொழியும் அறிந்தவன், சரியாகவும் முழுமையாகவும் பெயர்த்திருக்கிறேன்' என்று பெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதியும் வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்குப் பட்டம் கட்டாயமில்லை. நீங்களே செய்யாமல் விவரம் தெரிந்த ஒரு நண்பரைச் செய்யச் சொல்லுங்கள்.

இனி அந்தப் பத்தொன்பது நாள். இதில்தான் நீங்கள் மிகவும் பயப்படுகிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. பயம் வேண்டாம். கேள்வி, 'கடைசியாக நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்த முகவரி எது, எப்போதிலிருந்து எப்போது வரை' என்பதுதான். எவ்வளவு நாள் இருந்தால் போதும் என்று ஒரு கணக்கு எங்கேயும் இல்லை. சேர்ந்தே வாழாதவர்கள் 'சேர்ந்து வாழவில்லை' என்று எழுதவும் அதே படிவத்தில் குறிப்பு இருக்கிறது. நீங்கள் மாமனார் வீட்டிலோ உங்கள் பெற்றோர் வீட்டிலோ தங்கியிருப்பீர்கள். அந்த முகவரியை எழுதி, கல்யாணத் தேதியிலிருந்து விமானம் ஏறிய தேதி வரை போடுங்கள். விருந்துக்கு ஊர் ஊராகப் போனதையெல்லாம் எழுத வேண்டியதில்லை.

முன்பு ஒருவர், பத்து நாள் என்று எழுதினால் மதிப்பாக இருக்காது என்று நினைத்து, தன் அமெரிக்க அபார்ட்மெண்ட் முகவரியை எழுதிவிட்டார். "எப்படியும் இங்கேதானே வந்து இருக்கப்போகிறாள்" என்பது அவர் நியாயம். அதே படிவத்தில் 'இவர் எப்போதாவது அமெரிக்காவில் இருந்ததுண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்றும் எழுதியிருந்தார். பொய் சொல்லும் நோக்கமே இல்லாத மனிதர். ஆனால் ஒரே காகிதத்தில் இரண்டு பதிலும் முட்டிக்கொண்டு நின்றன. அதை நேராக்க அவர் விளக்கக் கடிதமும் உறுதிமொழிப் பத்திரமும் தயார் செய்ய வேண்டியதாயிற்று.

பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்பதே சந்தேகத்துக்குரியது என்று நம்மவர்களிடம் ஒரு எண்ணம் இருக்கிறது. இந்திய விசாக்களைப் பார்க்கும் அதிகாரிகளுக்கு அது தினசரிச் சாப்பாடு. அவர்கள் தேடுவது குடியேற்றத்துக்காக மட்டும் ஜோடித்த கல்யாணத்தை. அப்படிச் செய்தால் ஐந்தாண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம் என்று படிவத்திலேயே எழுதியிருக்கிறது. உங்களுடையது அப்படி இல்லை என்பதை எப்படிக் காட்டுவது? முன்னூறு ஸ்டுடியோ படம் வேண்டாம். நிச்சயம் முதல் நீங்கள் கிளம்பிய நாள் வரை, இரு வீட்டாரும் இருக்கும் படங்களாகப் பதினைந்து இருபது எடுத்து, பின்னால் தேதியும் யார் யார் என்றும் எழுதுங்கள். கல்யாணப் பத்திரிகை ஒன்று. போர்டிங் பாஸ். அதன்பின் அவருக்கு அனுப்பிய பணத்தின் ரசீது, வாட்ஸாப்பில் பேசியதில் மாதத்துக்கு ஒரு பக்கம். அலுவலக ஓய்வூதியக் கணக்கிலும் ஆயுள் காப்பீட்டிலும் மனைவியை வாரிசாக நியமித்தீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள், மனுவுக்காக மட்டும் அல்ல.

வரி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. டிசம்பர் 31 அன்று நீங்கள் திருமணமானவர் என்றால் அந்த ஆண்டு முழுவதற்கும் வரித் துறை கணக்கில் திருமணமானவர்தான். மனைவி இந்தியாவில்தானே இருக்கிறார் என்று 2025-க்கு 'சிங்கிள்' என்று கணக்குக் காட்டியிருந்தால் திருத்திவிடுங்கள். பிறகு, மனைவியைப் பராமரிப்பேன் என்று நீங்கள் தரும் ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியோடு அந்த வரித்தாளையும் கேட்பார்கள். மனுவில் மனைவி இருக்கிறார், வரியில் இல்லை என்றால் நன்றாக இருக்காது. அந்த உறுதிமொழிக்கு உங்கள் வருமானம் வறுமைக் கோட்டு அளவின் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். விவாகரத்து ஆனால்கூட அந்தப் பொறுப்பு தானாக முடிந்துவிடாது என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மீதி எல்லாம் சில்லறைதான். விசா எடுக்கும் தூதரகம் எது என்ற இடத்தில் பழக்கத்தில் சென்னை என்று எழுதிவிடாதீர்கள். இந்தியாவில் குடியேற்ற விசா நேர்காணல் மும்பையில், அங்கே மும்பை என்று எழுதுங்கள். அதற்கு முந்தைய கேள்வி அமெரிக்காவுக்குள்ளேயே இருப்பவர்களுக்கானது, அதை நிரப்பக்கூடாது. ஐ-130ஏ என்ற துணைப் படிவத்தில் மனைவியின் ஐந்தாண்டு முகவரியும் வேலையும் கேட்பார்கள். ஹாஸ்டலில் இருந்த காலம், வேலை இல்லாமல் வீட்டில் இருந்த காலம் எதையும் இடைவெளியாக விட வேண்டாம். அவர் வெளிநாட்டில் இருப்பதால் அதில் கையெழுத்து அவசியமில்லை, ஆனால் படிவம் அவசியம். நீங்கள் ஐ-130-இல் கையெழுத்துப் போட மறந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டணம் 2024 ஏப்ரல் முதல் காகிதத்துக்கு 675 டாலர், இணையத்தில் 625. காகிதத்தில் அனுப்பினாலும் 2025 அக்டோபர் இறுதியிலிருந்து காசோலை வாங்குவதில்லை, அட்டையோ வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பிடித்தமோதான். படிவத்தின் அடியில் அச்சிட்ட பதிப்புத் தேதி இணையதளத்தில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று அனுப்பும் நாளன்று ஒரு முறை பாருங்கள். நண்பர் போன வருடம் அனுப்பிய பிடிஎஃப் வேண்டாம்.

ஒன்று சொல்ல மறந்தேன். நீங்கள் குடியுரிமை பெற்றவர் என்பதால் மனைவிக்கு விசா எண்ணுக்காக வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் உள்ளே வரும் நாளில் கல்யாணம் ஆகி இரண்டு வருடம் நிறைந்திருக்காவிட்டால் இரண்டாண்டு கிரீன் கார்டுதான் வரும். அது முடிவதற்கு முந்தைய தொண்ணூறு நாளுக்குள் அந்த இரண்டாண்டு வரம்பை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவை இருவரும் சேர்ந்து கொடுக்க வேண்டும். ஆகவே மேலே சொன்ன ரசீதுகளையும் படங்களையும் மனு முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அனுப்பும் முன் முழுப் படிவத்தையும் மனைவிக்கு அனுப்பிப் போனில் வரி வரியாகப் படித்துப் பாருங்கள். மும்பையில் அதிகாரி முன் நிற்கப்போவது அவர்தான், அநேகமாகத் தனியாக. அவருடைய பெயரையும் முகவரியையும் அவர் தாய்மொழியின் எழுத்திலேயே எழுதச் சொல்லி அந்தப் படிவத்தில் ஓர் இடம் இருக்கிறது. அத்தனை பக்கத்தில் தமிழ் நுழைவது அங்கே மட்டும்தான். அதை நீங்கள் ஊகித்து எழுதாமல், அவர் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதுங்கள். கணினியில் தமிழ் சரியாக ஏறாவிட்டால் அச்சிட்ட படிவத்தில் கறுப்பு மையில் எழுதலாம்.